முதுகுக்குப் பின்னால் ஒரு விரல்

கடைசி வரிசை எழுத்துகள் எறும்பு அளவுக்குத்தான் இருந்தன. கொக்கு அவற்றையும் படித்துவிட்டாள். வலது கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை, இடது கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை, ஓரிடத்தில்கூடத் திக்காமல், மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள் போலப் படித்தாள். கண் மருத்துவர் சின்ன வயதுப் பெண். ஐம்பத்தொரு வயதில் இப்படிப்பட்ட தூரப் பார்வை அபூர்வம், கிட்டத்தில் படிக்கப் போட்டிருக்கும் கண்ணாடியே போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லி அறை விளக்கைப் போட்டாள். இதைக் கேட்டால் யாருக்கும் வாயெல்லாம் பல்லாகும். கொக்கின் முகமோ வாடிப்போனது.

"நல்லா பாருங்க டாக்டர். ஒரு தடவை என்னை ஏமாத்தியிருக்கு."

எப்போது என்று மருத்துவர் கேட்டாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு என்று கொக்கு சொன்னாள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மருத்துவர், சுவரோர நாற்காலியில் துணைக்கு வந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். துணைக்கு வந்த குருவி தன் கைப்பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது அவர்கள் ஏறி இறங்கிய ஐந்தாவது கண் மருத்துவமனை.

கொக்கு, குருவி என்பதெல்லாம் பாட்மிண்டன் மைதானம் வைத்த பெயர்கள். ஒருத்தி நெட்டை, கை நீளம். இன்னொருத்தி குட்டை, கால் ஓரிடத்தில் நிற்காது. ஒன்பது வருஷம் இரட்டையர் ஆட்டத்தில் சேர்ந்து ஆடினார்கள். விளையாடுவதை விட்டபிறகு குருவி ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனாள். கொக்கு ஒரு பெரிய அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் ஆனாள். அந்த வேலைக்குக் காது மட்டும் போதும், காது இதுவரை ஏமாற்றியதில்லை என்பாள். பஸ் வந்தால் அது நம் பஸ்தானா என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள். மருந்துச் சீட்டைத் தானும் படித்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரரிடமும் ஒருமுறை படிக்கக் கொடுப்பாள். அலுவலகத்தில் அவளைச் சந்தேகப் பிராணி என்று கேலி செய்வார்கள். தன்னைத் தவிர வேறு யாரையும் அவள் சந்தேகப்பட்டதில்லை என்பது குருவிக்கு மட்டும்தான் தெரியும்.

இரட்டையர் ஆட்டத்தில் சர்வீஸ் போடுகிறவள் முன்னால் நிற்பாள். கூட்டாளி அவள் முதுகைப் பார்த்தபடி பின்னால் நிற்பாள். வாயால் சொன்னால் எதிரணிக்குக் கேட்டுவிடும். ஆகவே முன்னால் நிற்பவள் இடது கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் விரல் காட்டுவாள். ஒரு விரல் என்றால் வலையை ஒட்டிக் குட்டையாகப் போடப் போகிறேன். இரண்டு விரல் என்றால் எதிராளியின் தலைக்கு மேலே தூக்கிவிடப் போகிறேன். அந்த விரலை நம்பித்தான் பின்னால் நிற்பவள் கால் வைப்பாள். ஒன்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கான முறை குருவி விரல் காட்டினாள், கொக்கு கால் வைத்தாள். கொக்கு தன் முறை வரும்போது எப்போதும் குட்டையாகவே போடுவாள், விரல் காட்டியதே இல்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு நடந்த அந்த இறுதி ஆட்டத்தின் கடைசிப் புள்ளிக்கு குருவி காட்டியது ஒரு விரல். காட்டிவிட்டுப் பார்த்தால், எதிரே நின்றவள் வலைமேல் பாய்ந்துவிடுவது போல முன்னால் சாய்ந்து நின்றாள். குருவிக்குப் பயம் வந்துவிட்டது. கண நேரத்தில் மனசு மாறி இறகுப்பந்தைத் தூக்கிவிட்டாள். எதிராளி அதற்கும் தயாராகத்தான் இருந்தாள். அடித்த அடி, கொக்கு விட்டுவந்த இடது மூலைக்குப் போனது. குட்டைப் பந்தை எதிர்பார்த்து முன்னால் நகர்ந்திருந்தவள் அப்படியே உடம்பைத் திருப்பினாள். கால் திரும்பவில்லை. முழங்கால் போனது, கோப்பை போனது.

இதுவரை நடந்தது ஆட்டம். யாருக்கும் நடக்கக்கூடியது. உடைமாற்றும் அறையில், முழங்காலில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு, ஒண்ணுதானே காட்டினே என்று கொக்கு கேட்டபோது, இல்லக்கா, ரெண்டு என்று குருவி சொன்னாளே, அதுதான் அவளை இத்தனை வருஷமாக அரித்துக்கொண்டிருக்கிறது. கொக்கு அதை அப்படியே நம்பினாள். வெளியே காத்திருந்த பத்திரிகைக்காரர்களிடம், தான் சரியாகப் பார்க்கவில்லை, தப்பு தன்னுடையது என்று நொண்டிக்கொண்டே போய்ச் சொன்னாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று குருவி நினைத்தாள். அந்த நாளை வரவே இல்லை. குருவியின் பிரசவத்துக்குப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் கொக்கு. குருவியின் கணவர் இறந்தபோது எல்லோருக்கும் தகவல் சொல்லி, வீடு கழுவிவிட்டு, குருவியின் வாயில் இரண்டு கவளம் சோற்றைத் திணித்தவளும் கொக்குதான். இப்படிப்பட்டவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? நாளாக ஆக உண்மை கனத்துக்கொண்டே போனது.

போன வாரம் பாட்மிண்டன் சங்கத்திலிருந்து கொக்குக்கு ஒரு படிவம் வந்தது. கோட்டு நடுவராக வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். கோட்டோரமாக நாற்காலியில் உட்கார்ந்து, பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். படிவத்தை மூன்று நாள் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்ததாக கொக்கே சொன்னாள். மைதானத்தைவிட்டு வந்தபிறகு அவள் ஆசைப்பட்டுக் குருவி பார்த்த ஒரே விஷயம் அது. பதில் அனுப்ப இன்று கடைசி நாள்.

மருத்துவமனைக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். கொக்கு ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தாள். தன் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்று சொல்லிப் பேனாவைக் குருவியிடம் நீட்டினாள்.

"எழுது. என் கண்பார்வை மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால்..."

டாக்டரே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாளே என்று குருவி முணுமுணுத்தாள். டாக்டருக்கு எழுத்து காட்டத்தான் தெரியும், அவசரத்தில் பார்ப்பது வேறு என்றாள் கொக்கு. குருவி எழுத ஆரம்பித்தாள். 'என் கண்பார்வை மேல் எனக்கே' என்பது வரைக்கும் வந்தது. அதற்குமேல் பேனா நகரவில்லை. தான் சொன்ன பொய்யைத் தன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அக்கா, உங்க கண்ணு சரியாத்தான் பார்த்துச்சு. நான் ஒண்ணுதான் காட்டினேன். மாத்திப் போட்டது நான். அப்புறம் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

கொக்கு திரும்பவில்லை. சாலையில் போகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கத்தில் ஒரு கடைக்காரர் கதவை ஏற்றினார், தண்ணீர் தெளித்தார், உள்ளே போய்விட்டார்.

"இருபத்திரண்டு வருஷமா," என்றாள் கடைசியில், தொலைபேசியில் எண் சொல்கிற அதே குரலில், "அடுப்பை மூணு தடவை பார்த்துட்டுத்தான் படுக்கறேன்."

அப்போது தனக்கு வயசு போதவில்லை, பயந்துவிட்டதாகக் குருவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கொக்கு உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள். கோபமாக இருந்திருந்தால் குருவிக்குத் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். அவள் கோபப்பட்டதாகவும் தெரியவில்லை. குருவியின் மடியிலிருந்து பாதி எழுதிய படிவத்தை உருவி, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

தூரத்தில் ஒரு பஸ் திரும்பியது. வழக்கம்போல, நம்ம பஸ்தானே என்று கேட்பாள் என்று குருவி காத்திருந்தாள். ஆமாக்கா, அதுதான் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. கொக்கு கேட்கவில்லை. கண்ணைக்கூட இடுக்காமல் அந்தத் தூரத்திலேயே எண்ணைப் பார்த்தாள், கோலை ஊன்றி எழுந்தாள், கை காட்டினாள். பஸ் நின்றது. அவர்களுடைய பஸ்தான்.

கோலை முழங்கையில் மாட்டிக்கொண்டு, வலது கையால் கம்பியைப் பிடித்து, கொக்கு முதல் படியில் ஏறினாள். அங்கே கொஞ்சம் நின்றாள். வலிக்கும்போது செய்வது போல இடது கையைக் கொண்டுபோய் இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். ஏறுறீங்களா இல்லையா என்று கண்டக்டர் குருவியைக் கேட்டார். ஒன்பது வருஷம் விரல் காட்டியவள், முதல்முறையாகப் பின்னால் நின்று, விரலுக்காக அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் ஐந்தும் மூடியிருந்தன.