எந்த வண்டி என்று எழுதாதே

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபம் என்னுடையதல்ல, என் அக்காவுடையது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் செய்தவள் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல், "நீ கதை எழுதுறவன்தானே? உலகத்துல நடக்காததையெல்லாம் எழுதுற. நடந்ததை ஒண்ணு எழுது" என்றாள்.

"எதைக்கா?"

"நாங்க கார் வாங்கப் போனதை."

நான் சிரித்துவிட்டேன். அதற்கு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

அக்கா பிசியோதெரபிஸ்ட். மருத்துவமனையில் உட்கார்ந்து பார்க்கிறவள் அல்ல; வீடு வீடாகப் போகிறவள். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்தவர்கள், இடுப்பு எலும்பு உடைந்தவர்கள், மூட்டு மாற்றிக்கொண்டு மறுபடி நடக்கப் பயப்படுகிறவர்கள் என்று அவளுக்காகக் காத்திருக்கிற வீடுகள் நிறைய. போகிற இடமெல்லாம், நோயாளியைப் படுக்கவைக்க ஒரு மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போவாள். அவளுடைய பழைய சின்னக் கார் இருமத் தொடங்கி நாளாயிற்று. "இதுக்கு மேல இதுல காசு போடறது பொணத்துக்குப் பல் கட்டற மாதிரி" என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டான்.

ஆக, அவள் முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான்: செடானா, சின்ன எஸ்யூவியா?

(பத்திரிகை ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "கார் வாங்கறதெல்லாம் கதையா சார்? யாராவது ஒருத்தர் செத்தா நல்லா இருக்கும்" என்றார். ஒரு பெண் பல வருஷம் முதுகு ஒடிய உழைத்ததைக் கொண்டுபோய் ஒரே மத்தியானத்தில் கொட்டப் போகிறாள். அது கதையில்லையாம்.)

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"மழை பெய்து ஓய்ந்த காலையில், ஷோரூமின் கண்ணாடிச் சுவரில் தன் முகத்தைப் பார்த்தபடி அவள்…" மழை பெய்யவில்லை. அக்கா போகிற வழியில் கண்ணாடி பார்க்கிற ரகமும் இல்லை. விட்டேன்.

"வாழ்க்கை ஒரு நெடும்பயணம். அதில் நாம் ஏறும் வாகனம்…" இதை எழுதிய கையை என்ன செய்தால் தகும்?

அப்புறம்தான் புரிந்தது, கதை ஷோரூமில் தொடங்கவில்லை. அக்காவின் சாப்பாட்டு மேஜையில் தொடங்குகிறது. வண்டியின் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவள் இல்லை அவள். வாங்கின பிறகு அந்த வண்டி வீட்டில் உட்கார்ந்து என்னென்ன தின்னும் என்று விசாரித்தாள். எஸ்யூவிக்கு எடை அதிகம், குடிப்பதும் அதிகம். அதுவும் நின்று நின்று போகிற தெருக்களில் இன்னும் அதிகம். சக்கரம் பெரிது, டயர் மாற்றும்போது வலிக்கும். இன்ஷூரன்ஸும் ஒரு படி மேலே. செடான் சிக்கனம், ஆனால் விற்கப் போனால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள், எஸ்யூவி என்றால் போட்டி போட்டு வருவார்கள். ஒன்று மாசாமாசம் மிச்சம் பிடிக்கும். மற்றது கடைசியில் ஒரே தடவையாகத் திருப்பித் தரும்.

"வெலை ஒரு நாள் வலிடா. மத்ததெல்லாம் தீராத வலி. என் தொழில்ல ரெண்டையும் பார்க்கிறேன்" என்றாள்.

இவ்வளவு யோசித்தவளிடம் ஷோரூமில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கதை அங்கேதான் சூடாகிறது.

3

ஷோரூமுக்குப் போனவர்கள் மூன்று பேர்: அக்கா, அத்தான், அத்தானின் அண்ணன். கடைசி ஆளைப் பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். அவரை யாரும் அழைக்கவில்லை, "கார் விஷயம், நான் இல்லாம எப்படி?" என்று அவரே வந்துவிட்டார். எஸ்யூவிதான் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே தீர்ப்பெழுதிக்கொண்டு வந்திருந்தார்.

விற்பனையாளர் அத்தானுக்குக் கைகொடுத்தார். பெரியவருக்குக் கைகொடுத்தார். அக்காவிடம் வண்டியின் நிறங்கள் அச்சடித்த அட்டையைக் கொடுத்தார்.

"மேடம், உங்களுக்குக் கலர் செலக்‌ஷன்."

அக்கா அந்த அட்டையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். "ரெண்டு வண்டியும் டவுனுக்குள்ள என்ன மைலேஜ் குடுக்கும்?" என்று கேட்டாள். விற்பனையாளர் அத்தானைப் பார்த்துப் பதில் சொன்னார். டயர் என்ன விலை என்று கேட்டாள். பெரியவரைப் பார்த்துச் சிரித்தார்.

"மாசத் தவணைல பார்த்தா ரெண்டு வண்டிக்கும் வித்தியாசம் ஒரு காபிச் செலவுதான் சார்."

"நான் காபி குடிக்கிறதில்லை" என்றாள் அக்கா.

பெரியவருக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. "பேச்சு எதுக்கு? தம்பி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டும்" என்றார். எஸ்யூவியின் சாவி அத்தானின் கைக்குப் போயிற்று.

இங்கே நான் கதையை நிறுத்தி ஒன்று சொல்லியாக வேண்டும். அத்தான் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். அவருக்குக் கண்ணில் நீரழுத்த நோய், கிளாகோமா. நேரே பார்ப்பது தெரியும். புத்தகம் படிப்பார், பரீட்சைத்தாள் திருத்துவார். பக்கங்கள்தான் இல்லை. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல உலகத்தைப் பார்க்கிறார். வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷமாகிறது. இது அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாரிடமும், முக்கியமாகத் தன் அண்ணனிடம், முதுகுவலி என்று சொல்லிவைத்திருந்தார். பிசியோதெரபிஸ்டின் புருஷனுக்குத் தீராத முதுகுவலி என்று உறவெல்லாம் நம்பிக்கொண்டிருந்தது. அக்காவின் தொழிலுக்கு அது நல்ல விளம்பரம் இல்லை. ஆனாலும் பொறுத்துக்கொண்டாள்.

4

அத்தான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்தில் பெரியவர். பின்னால் விற்பனையாளரும் அக்காவும். ஆம், வண்டி வாங்குகிறவள் பின்சீட்டில்.

"முதுகுக்கு இந்த உயரம்தான்டா சரி. இனிமே சாக்குப்போக்குச் சொல்லக் கூடாது. எடு" என்றார் பெரியவர்.

பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அத்தானின் முகம் அக்காவுக்குத் தெரிந்தது. அவர் மறுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தாள். ஏதாவது சொல்வார், தலைசுற்றல், மாத்திரை, இன்னொரு நாள் பார்க்கலாம். அவரோ இஞ்சினைக் கிளப்பினார். கியரில் கை வைத்தார். வாசலுக்கு வெளியே சாலை. பள்ளிக்கூடம் விட்ட நேரம், ஓரத்தில் சைக்கிள்களும் பிள்ளைகளும்.

வண்டி நகர்ந்தது.

(இந்த இடத்தில் முதல் பிரதியில் நான் எழுதியிருந்தது: "அவள் கண்களில் நீர் முட்டியது." அக்கா படித்துவிட்டு, "எவ அழுதா? எனக்கு அப்போ வந்தது அழுகை இல்லடா, பத்திக்கிட்டு வந்தது" என்றாள். அடித்துவிட்டேன்.)

"நிறுத்துங்க" என்றாள்.

அவர் நிறுத்தினார். அக்கா இறங்கிச் சுற்றி வந்து ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க."

"என்னம்மா இது?" என்றார் பெரியவர்.

"இவருக்குப் பக்கத்துல வர்றது தெரியாது. ரெண்டு கண்ணுலயும். ரெண்டு வருஷமா நான்தான் ஓட்டுறேன். இந்த வண்டிக்குக் காசும் நான்தான் குடுக்கப் போறேன்." விற்பனையாளரின் பக்கம் திரும்பினாள். "இனிமே என்கிட்ட பேசுங்க."

அத்தான் இறங்கினார். இறங்கும்போது கதவின் ஓரம் தெரியாமல் தோளில் இடித்துக்கொண்டார்.

5

இருமும் பழைய காரில் இருவரும் வீடு திரும்பினார்கள். பெரியவர் தனியாகப் போய்விட்டார்.

"நான் மெதுவாத்தான் ஓட்டியிருப்பேன்" என்றார் அத்தான்.

"மெதுவா ஓட்டினாலும் அந்தப் பிள்ளைங்க உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

ஒரு திருப்பம் தாண்டி, "என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

அக்கா வண்டியை ஓரம் கட்டினாள். அவளுடைய கோபத்தின் முழு நீளமும் அப்போதுதான் அவளுக்கே தெரிந்ததாம்.

"எங்க தனியா? வண்டி நகர்ந்துடுச்சு. அந்த ஆளு என்னை ஒரு மனுஷியா நினைச்சு ஒரு வார்த்தை பேசியிருந்தா, அந்தச் சாவி உங்க கைக்கே வந்திருக்காது. உங்கண்ணன் ஒரு தடவை கேட்டிருந்தா வந்திருக்காது. நீங்க ரெண்டு வருஷத்துல ஒரு நாள் வாயைத் திறந்திருந்தா வந்திருக்காது. நீங்க எல்லாரும் ஒழுங்கா இருந்திருந்தா நான் வாயே திறந்திருக்க வேண்டாம். கடைசியில என் புருஷனை நாலு பேர் முன்னாடி நானே தலைகுனிய வச்சேன். அந்தப் பாவத்தையும் என் தலையில கட்டிட்டீங்க."

அத்தான் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரே இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இதைக் கேட்டபோது எனக்கும் கோபம் வந்தது. யார்மேல் என்று யோசித்தால், முதலில் அத்தான்மேல்தான். அடுத்த நிமிஷமே, நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் தன் அண்ணனிடம் "எனக்குத் தெரியலண்ணே" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்றும் நினைத்தேன். கதை எழுதுகிறவனுக்கு இதுதான் சாபம். நிம்மதியாக ஒருத்தன்மேல்கூடக் கோபப்பட முடியாது.

6

பெரியவர்மேல் எனக்குச் சந்தேகம். ஆளைப் பற்றி அல்ல, பாத்திரத்தைப் பற்றி. முதல் பிரதியில் அவருக்குக் கட்டை மீசை வைத்து, அதட்டிப் பேசவைத்திருந்தேன்.

"அவர் கெட்டவர் இல்லடா" என்றாள் அக்கா. "இவருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்ததே அவர்தான். தம்பி ஓட்ட, தான் பக்கத்துல உட்காரணும்னு அவருக்கு அவ்வளவு ஆசை. கெட்டவரா இருந்தா எவ்வளவோ சுலபம்."

மீசையை எடுத்துவிட்டேன். ஆனால் மறுநாள் அவர் போன் செய்து பேசியதை எடுக்க மனமில்லை. கண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டார். நல்ல டாக்டரா என்று கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்போ அவதானே ஓட்டப் போறா? எஸ்யூவியே எடுங்க. பொம்பளைங்களுக்கு உயரமா இருந்தாத்தான் ரோடு தெரியும்" என்றார்.

காரணம் மாறிவிட்டது. தீர்ப்பு மாறவில்லை.

அக்காவின் அவஸ்தையைப் பாருங்கள். எஸ்யூவி வாங்கினால், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று காலமெல்லாம் சொல்வார். செடான் வாங்கினால், வீம்புக்கு வாங்கினாள் என்று ஊரே சொல்லும். அத்தனை நாள் உட்கார்ந்து யோசித்தது அவள்; இப்போது எதை வாங்கினாலும் அது அவருக்குச் சொன்ன பதில்தான். ஒரு பெண்ணின் முடிவை அவளிடமிருந்து பிடுங்க அதற்கு எதிராகப் பேச வேண்டியதே இல்லை. முந்திக்கொண்டு அதையே சொல்லிவிட்டால் போதும்.

(இது கட்டுரை மாதிரி இருக்கிறது என்று யாராவது சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.)

7

அடுத்த வாரம் அக்கா மறுபடி ஷோரூமுக்குக் கிளம்பினாள், மடக்குக் கட்டிலோடு. அத்தான் தானாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்க வர வேண்டாம்."

"நான் வர்றேன்" என்றார். அவ்வளவுதான்.

அதே விற்பனையாளர். பழக்கதோஷம், கை அத்தானை நோக்கி நீண்டது. அத்தான் கைகொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஓட்டறது அவங்க. நான் பக்கத்து சீட்டு. பக்கத்து சீட்டைப் பத்தி ஏதாவது இருந்தா எனக்குச் சொல்லுங்க."

அக்கா கட்டிலை இரண்டு வண்டியிலும் ஏற்றிப் பார்த்தாள். "கோடு விழும் மேடம்" என்று விற்பனையாளர் கூடவே ஓடினார். செடானின் டிக்கி ஆழம், வாய் சின்னது. கட்டில் பின்சீட்டில் குறுக்கே படுத்தால்தான் உண்டு. எஸ்யூவியின் வாய் பெரிது, ஆனால் கட்டிலை நெஞ்சு உயரத்துக்குத் தூக்க வேண்டும். தினம் பல தடவை அப்படித் தூக்கினால் இடுப்பு என்ன ஆகும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பக்கம் அத்தான் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செடானில் ஏறினார், தலை இடித்தது. எஸ்யூவியில் ஏறினார், கால் படியைத் தவறவிட்டது. மறுபடி ஏறினார், இறங்கினார். இரண்டு வருஷமாக யார் கண்ணிலும் படாமல் மறைத்துவைத்ததை, சுற்றி வாடிக்கையாளர்கள் நிற்க, கதவின் விளிம்பைக் கையால் தடவித் தடவிச் செய்தார். ஒருவர் நின்று பார்த்தார். அத்தான் நிறுத்தவில்லை.

அக்கா கட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய நோயாளிகள் முதல் அடி எடுத்துவைக்கும்போது அப்படித்தான் நிற்பாளாம். பிடிக்கப் போகாமல், கை மட்டும் தயாராக.

பிறகு இருவரும் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். வந்து பணத்தைக் கட்டினார்கள்.

8

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

ஒன்று: செடான் வாங்குகிறாள். பெரியவர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டயரை உதைத்துப் பார்த்து…

இரண்டு: எஸ்யூவி வாங்குகிறாள். பெரியவர் வாயைத் திறக்கும் முன்னே அத்தான்…

இரண்டும் பாதியில் நிற்கின்றன. எது நடந்தது என்று எனக்கே தெரியாது. கேட்டதற்கு அக்கா சொன்னாள்: "எந்த வண்டின்னு எழுதாதே. எழுதினா படிக்கிறவன் ஒவ்வொருத்தனும், இதை எடுத்திருக்கலாம், அதை எடுத்திருக்கலாம்னு எனக்கு யோசனை சொல்ல ஆரம்பிப்பான். உனக்கும் சொல்ல மாட்டேன். உன் வாயில எதுவும் நிக்காது."

அவள் சொன்னது அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த நிமிஷம் வரை உங்கள் மனதிலும் ஒரு வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? அவள் கேட்காத யோசனை ஒன்று நாக்கு நுனியில் நிற்கிறதா இல்லையா?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே தெருவில் ஒரு ஹாரன். என் அறை மாடியில் இருக்கிறது. ஜன்னல் எனக்குப் பின்னால், திறந்தே இருக்கிறது. எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் எழுந்திருக்கவில்லை. குரல்கள் மட்டும் கேட்கின்றன.

"இன்னும் வா. வா. இந்தப் பக்கம் சுவர் இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். நீ முன்னாடி பாரு."

"சொல்லிட்டீங்கல்ல, நான் பார்த்துக்கறேன்."

"பக்கத்து சீட்டுக்காரன் சொல்லத்தான் சொல்லுவான்."

கதவு ஒன்று திறந்தது. அது உயரமான கதவா, தாழ்வான கதவா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. பார்த்தே தீர வேண்டுமென்றால், ஜன்னல் அதோ இருக்கிறது. எழுந்து போய் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள்.