ஆங்கஸ் என்ற ஒரே பெயர்

ஸ்காட்லாந்திலிருந்து கனடாவின் கேப் பிரெட்டன் தீவுக்குக் கப்பலேறி வந்தவர்களில் ஆங்கஸ் மக்இன்னிஸ் என்பவர், முதல் பனிக்காலத்தில் தன் விதை உருளைக்கிழங்கைப் தன் குலத்தைச் சேர்ந்த பதினோரு குடும்பங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். பிழைத்தவர்கள் வீட்டுக்கொரு பிள்ளைக்கு அவர் பெயரை வைத்தார்கள். பேரன்களுக்கும் அதே பெயர். முதல் உலகப்போர் வந்தபோது எங்கள் கிளென் ஓரா கிராமத்தில் மட்டும் எட்டு ஆங்கஸ் மக்இன்னிஸ்கள். செம்பட்டை ஆங்கஸ், கரையோர ஆங்கஸ் என்று பட்டப்பெயர் வைத்துச் சமாளித்தோம். ராணுவத்துக்குப் பட்டப்பெயர் தெரியாது.

எஃபியின் புருஷன் செம்பட்டை ஆங்கஸ். மார்செலாவின் ஒரே மகன் கரையோர ஆங்கஸ். இருவரும் ஒன்றாகப் போருக்குப் போனார்கள். ஏப்ரலில், ஆங்கஸ் இறந்துவிட்டதாக 'திருமதி மக்இன்னிஸ், கிளென் ஓரா' என்ற விலாசத்துக்குத் தந்தி வந்தது. தபால்காரர் அதை எஃபியிடம் கொடுத்தார்.

ஆறு மாதக் கர்ப்பிணி அவள். படுத்த படுக்கையானாள். மார்செலாதான் தினமும் வந்து ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி, கெஞ்சிக் கெஞ்சிக் குடிக்க வைத்தாள். பதினெட்டாம் நாள் செம்பட்டை ஆங்கஸின் கடிதம் வந்தது. கரையோர ஆங்கஸ் தன் பக்கத்திலேயே விழுந்து இறந்ததாக எழுதியிருந்தான். கடிதத்தோடு மார்செலாவின் வீட்டுக்கு எஃபிதான் நடந்து போக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எஃபி, எல்லோருக்கும் ஒரே பெயரை வைத்ததற்காக ஊரில் ஒருவரையும் திட்டாமல் விட்டுவைக்கவில்லை. பாதிரியாரையே வழிமறித்துக் கேட்டாள்.

"உங்க பைபிள்ல பேருக்கா பஞ்சம் ஃபாதர்? எனக்குப் பையன் பொறந்தா வால்டர்னுதான் வைப்பேன். இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் அந்தப் பேரு கிடையாது."

ஜூலையில் பையன் பிறந்தான். ஞானஸ்நானத்தன்று காலையில் மார்செலா வந்தாள். தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"என் பையனுக்குக் கல்யாணமே ஆகலடி. அவன் பேரை வைக்க அவனுக்குன்னு யாரும் இல்ல."

எஃபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்தப் பேரால நாம ரெண்டு பேரும் பட்டது போதாதா அத்தை? நாளைக்கு இன்னொருத்தி தப்பான தந்தியை வாங்கி அழணுமா?"

"அழுவாதான். எனக்கு அதெல்லாம் யோசிக்கத் தெம்பில்ல. யாராவது கூப்பிடறப்ப அந்தப் பேரு என் காதுல விழணும், அவ்வளவுதான்."

எஃபி குழந்தையின் குல்லாவை முடிச்சுப் போடத் தெரியாதவள் போல மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினாள்.

கோயிலில் பாதிரியார் பெயர் கேட்டபோது, "ஆங்கஸ்," என்று வெடுக்கென்று சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எழுதுங்க ஃபாதர், மறுபடி கேக்காதீங்க."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் மார்செலாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் ஞானஸ்நானம் முடிந்ததும் கொடுத்த குழந்தையை அவள் கையிலிருந்து திரும்ப வாங்கவும் இல்லை.