யாரும் ஒன்றும் சொல்லாதபோது எந்த ஷெல்?

டெஸ்ட் ரூம் வினோதினிக்குத் தலைக்கனம் என்று அந்த ஒரகடம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சிலர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே, அதற்குக் காரணமும் இருந்தது. உற்பத்தி லைனில் இருக்கும் லினக்ஸ் கணினிகளில் பட்டியல் திருத்துவதற்கு அவளே ஓர் எடிட்டர் எழுதியிருந்தாள். மூச்சு வாங்கும் பழைய கணினியில்கூடப் பட்டென்று திறக்கும். சர்க்யூட் போர்டுகளின் சீரியல் நம்பர்களைக் கண்டபடி கொட்டிவிட்டு ஒரு கட்டளை கொடுத்தால், வரிசையாக அடுக்கி, இரண்டு தடவை வந்ததைக் கழித்துத் தரும். மேனேஜர் ஸ்ரீதர் முதலில் ஒரு லைனில் மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். சரிப்பட்டால் எல்லா லைனுக்கும் போகும். இல்லையென்றால் வெளியிலிருந்து விலைக்கு வாங்கும் சாஃப்ட்வேர் வந்துவிடும், இவளுடையது மூட்டை கட்டப்படும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அடுக்கும் வேலையை எடிட்டர் தானே செய்வதில்லை, வெளியே இருக்கும் கட்டளையிடம் ஒப்படைக்கும். ஒப்படைக்க நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஷெல், நாம் சொல்வதைக் கேட்டுக் கணினியிடம் வேலை வாங்கித் தரும் புரோகிராம். ஷெல்லில் பல ரகம். எது வேண்டும் என்று யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் எடிட்டர் எதை எடுத்துக்கொள்வது? அவரவர் லாகினில் எது இருக்கிறதோ அதை, என்று வினோதினி முடிவு செய்திருந்தாள். அவளுடைய லேப்டாப்பில் கலர் கலராக மின்னும் ஒரு ஷெல் இருந்தது. எடிட்டர் அதைத் தானாகக் கண்டுபிடித்து எடுத்துக்கொள்ளும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மனிதருக்கு மரியாதை கொடுக்கும் சாஃப்ட்வேர் என்று சொல்லிக்கொள்வாள்.

லைனில் போட்ட முதல் நாளே மஞ்சுளா டெஸ்ட் ரூம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். மறுசோதனை மேசை அவள் பொறுப்பு. பிள்ளைப்பாக்கத்துக்காரி, குரலுக்கு மைக் தேவையில்லை.

"இன்னா வினோ, உன் எடிட்டரு என் போர்டையெல்லாம் ஹோல்டுல போட்டுகினு கீது! நல்ல போர்டு எல்லாம்! கேட்டாண்ட லாரி நிக்குது!"

ஹோல்டு என்றால் அந்த போர்டின் மேல் சந்தேகம் என்று பொருள். திரும்பச் சோதிக்காமல் கேட்டைத் தாண்டாது.

"எடிட்டர் எப்படிக்கா ஹோல்டு போடும்? அதுக்கு அந்த வேலையே தெரியாதே."

"தெரியாமயேதான் போட்டுச்சி. வந்து பாரு."

போய்ப் பார்த்தாள். பார்த்ததும் முகத்தில் இருந்த தைரியம் வடிந்துபோனது. லைன் கணினிகளில் எல்லாருக்கும் ஒரே பொது லாகின். கையுறை போட்டவர்கள் எதையும் டைப் செய்ய வேண்டாம் என்று, அந்த லாகினில் ஷெல் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்கேன் மெனுவையே வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் மெனு வரும், போர்டைக் காட்டினால் பதிவாகும். எடிட்டரைத் திறப்பதும் அந்த மெனுவில் ஒரு பட்டன்தான். வினோதினியின் எடிட்டர் நல்ல பிள்ளையாக, 'இந்த லாகினின் ஷெல் யார்?' என்று கேட்டது. 'நான்தான்' என்றது மெனு. அடுக்கித் தா என்று மொத்தப் பட்டியலையும் அதன் கையில் கொடுத்துவிட்டது. மெனு என்ன கண்டது? யாரோ மின்னல் வேகத்தில் ஸ்கேன் செய்கிறார்கள் என்று நினைத்து, வந்த நம்பரையெல்லாம் ஹோல்டில் தள்ளியது. மறுசோதனை மேசையில் ஸ்கேன் ஆகும் போர்டை மெனு ஹோல்டில்தான் பதியும்.

குவாலிட்டி ஆட்கள் ஹோல்டை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்க, ஸ்ரீதர் வந்தார்.

"சிம்பிள்தானே வினோதினி, அந்த லாகின்ல மெனுவத் தூக்கிட்டு நார்மல் ஷெல் வெச்சிடலாம்."

"அதெல்லாம் வாணாம் சார்," என்றாள் மஞ்சுளா. "கறுப்பு ஸ்கிரீன் வந்து நின்னா என் பொண்ணுங்க இன்னா பண்ணும்? மெனு எங்களுக்கு நல்லாத்தான் கீது."

"அப்போ இந்த ஒரு மிஷின்ல மட்டும், எந்த ஷெல்னு எடிட்டர் செட்டிங்ல எழுதிடுங்க."

அது ஐந்து நிமிட வேலை. வினோதினிக்கும் கை பரபரத்தது. ஆனாலும் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அப்புறம் புதுசா வர்ற ஒவ்வொரு மிஷினுக்கும் யாராவது அத ஞாபகம் வெச்சு எழுதணும் சார். ஒருத்தர் மறந்தா மறுபடியும் இதே கதைதான். தப்பு மிஷின்ல இல்ல, நான் எடுத்த முடிவுல இருக்கு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்றேன். ஓடலைன்னா எடிட்டர நானே அழிச்சிடறேன்."

சொல்லிவிட்டு டெஸ்ட் ரூமில் வந்து உட்கார்ந்தாள். லாகினில் இருப்பதற்குப் பதில் எந்த ஷெல்லை வைப்பது? லினக்ஸோ, அதற்கு மூத்த யூனிக்ஸோ ஓடும் எந்தக் கணினியைத் தொட்டாலும் ஒரே இடத்தில், ஒரே பெயரில் ஒரு பழைய ஷெல் இருக்கும். கலர் கிடையாது, அலங்காரம் கிடையாது, சொன்னதைச் செய்யும். அதை வைத்தால் அவளுடைய மின்னும் ஷெல் இனி தானாக வராது. அவளும் மற்றவர்களைப் போல் செட்டிங்கில் எழுதித்தான் வாங்க வேண்டும். அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் லைனில் இருந்த அந்த மெனுவை யார் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள்? யாரோ ஒருவர் வசதிக்காக வைத்தது. அதைப் போய் ஆளின் விருப்பம் என்று எடிட்டர் எடுத்துக்கொண்டால் அது மரியாதையா? லாகினைத் தேடிப் போகும் வரிகளை வரிசையாக அழித்தாள். எடிட்டர் செட்டிங்கில் யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அது, இல்லாவிட்டால் அந்தப் பழைய ஷெல் என்று எழுதினாள். பொய் நம்பர்களை வைத்து, அதே மாதிரி மெனு லாகினில் ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. எழுதிச் சேர்த்த நாட்களில்கூட வராத நிம்மதி, அழித்தபோது வந்தது.

ஷிஃப்ட் முடிவதற்குள் மஞ்சுளாவின் மேசைக்குப் போனாள். கணினியில் வேறு எதையும் தொடவில்லை, புது எடிட்டரை மட்டும் போட்டாள். ஸ்ரீதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மஞ்சுளா அன்றைய நிஜப் பட்டியலைத் திறந்துவிட்டு, விரலை நிறுத்தினாள்.

"இன்னொரு தபா ஹோல்டாச்சின்னா நான் பதில் சொல்லணும். நிச்சயமா?"

"நிச்சயம்க்கா."

மஞ்சுளா அழுத்தினாள். நம்பர்கள் சரசரவென்று இடம் மாறி வரிசையில் நின்றன. ஹோல்டு பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஒன்றுகூட இல்லை.

"இன்னாத்த மாத்தின?"

"முன்னாடி எனக்கு சரியா ஓடற மாதிரி எழுதியிருந்தேன்க்கா. இப்போ ஒண்ணுமே சொல்லாதவங்களுக்கும் சரியா ஓடும்."

மஞ்சுளா பட்டியலைச் சேமித்துவிட்டு அடுத்த போர்டை எடுத்தாள். ஸ்ரீதர், "எல்லா லைனுக்கும் அனுப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்கு ஓடினார்.

மறுநாள் காலை கேன்டீனில் வினோதினி பொங்கல் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் அடுத்த லைன் லீடர் காவேரி மஞ்சுளாவைக் கேட்பது காதில் விழுந்தது.

"அந்த எடிட்டர எங்க மிஷின்ல போடணுமாம். யாரக் கூப்பிடணும்? செட்டிங் இன்னா எழுதணும்?"

"யாரையும் கூப்பிட வாணாம், ஒண்ணும் எழுத வாணாம்," என்றாள் மஞ்சுளா. "போடு, ஓடும்."

எழுதியது நான்தான் என்று திரும்பிச் சொல்ல வினோதினிக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பெருமை தாங்காமல் இன்னொரு கரண்டி பொங்கல் வாங்கி வந்து சாப்பிட்டாள். எல்லா லைனிலும் எடிட்டர் ஏறியும், அன்று முழுக்க டெஸ்ட் ரூம் போன் அடிக்கவே இல்லை.