வெள்ளை வரிசையில் ரிம்மா

என் மகள் ரிம்மாவைப் பத்து வயதில் பெர்ம் நகரத்து நடனப் பள்ளி விடுதியில் கொண்டுபோய் விட்டேன். அன்று முதல் இந்தக் குளிர்காலம் வரை அவள் ஆடி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பார்க்கக் கூடாது என்றில்லை. நாங்கள் ரயில் பாதையில் வேலை பார்க்கிற பெண்கள். அங்கே பள்ளியில் ஆட்டம் வைக்கிற மாதங்களில் இங்கே பனி கொட்டும். பனியை அள்ளாமல் விட்டால் ரயில் நிற்கும், ரயில் நின்றால் எங்கள் மேஸ்திரி எங்களை நிற்க வைத்துத் திட்டுவார். கோடையில் ரிம்மா வீட்டுக்கு வருவாள். வீட்டில் அவள் எங்களுக்கு ரிம்கா. "ஒரு தடவ ஆடிக் காட்டுடி" என்பேன். "இந்தத் தரையில ஆட முடியாதும்மா, கால் போயிடும்" என்பாள். அடுப்படியில் பலகைமேல் கையை ஊன்றிக்கொண்டு காலை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டுவாள், கோழி மண்ணைக் கிளறுகிற மாதிரி. நான் பார்த்த பாலே அவ்வளவுதான். அவள் கடிதங்களைப் படிக்கத்தான் முப்பத்தைந்து வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றேன். அந்தக் கடிதங்களிலும் கால் வலி, கஞ்சி, தோழி லூஸ்யா பற்றித்தான் இருக்கும். ஆட்டம் இருக்காது.

இந்த வருடம் பள்ளியை முடித்து, நகர அரங்கத்தின் நடனக் குழுவில் சேர்ந்துவிட்டாள். "ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்தில் நானும் இருக்கிறேன் அம்மா. சீட்டு ஜன்னலில் உன் பெயருக்கு டிக்கெட் இருக்கும், வா" என்று எழுதினாள்.

பாதையோரக் கொட்டகையில் தேநீர் குடிக்கும்போது செய்தியைச் சொன்னேன். எங்கள் கேங்கில் கிளாஃபிராதான் பாலே பார்த்தவள். என்றோ தொழிற்சங்கம் பஸ் வைத்து அழைத்துப் போயிருக்கிறது. அன்றிலிருந்து இவ்வளவு காலமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் போல ஆரம்பித்தாள்.

"உஸ்தியா, கேட்டுக்க. கம்பளி பூட்ஸோட உள்ள போயிடாத. பையில ஷூ எடுத்துட்டுப் போய் அங்க மாத்திக்க. சூரியகாந்தி விதை கொறிக்காத. வரிசைக்குள்ள நுழையறப்ப உக்காந்திருக்கிறவங்களுக்கு மூஞ்சியக் காட்டிட்டுதான் நகரணும். பின்பக்கத்தக் காட்டினா மரியாதை இல்ல."

"என் மூஞ்சிக்குப் பின்பக்கமே தேவலாம்டி."

"தெரியும். இருந்தாலும் அங்க அதான் முறை."

"என்ன பேசிக்கிறாங்கன்னு எனக்குப் புரியுமா?"

"பேசவே மாட்டாங்க. ரெண்டரை மணி நேரம் ஒரு வார்த்தை கிடையாது. எங்க வீட்டுக்காரன் மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். கிளாஃபிரா கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்று காட்டினாள். "நெஞ்சுல கை வச்சா காதல். ரெண்டு விரல மேல தூக்கினா சத்தியம். ரெண்டு கையையும் தலைக்கு மேல சுத்தினா, வா ஆடலாம்னு அர்த்தம். மணிக்கட்ட இப்படிக் குறுக்கப் போட்டா சாவு. இது நாலும் தெரிஞ்சா போதும், கதை முழுக்க வந்துடும்."

"அதெல்லாம் சரி. அத்தன பேருல ரிம்காவ எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"நல்லா கேட்ட போ! பெத்தவ உனக்குத் தெரியாதா?"

அதற்கும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ரிம்மாவின் இடப் புருவத்தில் வெட்டுத் தழும்பு உண்டு. சின்ன வயதில் வாளி தூக்கித் தூக்கி வலத் தோள் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். இது போதாதா?

கிளாஃபிரா தன் நல்ல கோட்டை எனக்குப் போட்டுவிட்டாள். அதனால்தான் வாசலிலேயே மாட்டிக்கொண்டேன். அரங்கத்தில் மேல்கோட்டோடு உள்ளே விடமாட்டார்கள், கொடுத்துவிட்டு எண் வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும். கோட்டு வாங்கும் அம்மாள் அதன் கழுத்துப் பக்கத்தைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள்.

"வளையம் எங்க?"

"என்ன வளையம்?"

"ஆணியில மாட்டுற வளையம். இது இல்லாம நான் எதுல மாட்டுறது? என் மூக்குலயா?"

எனக்குப் பின்னால் வரிசை நின்றது. ரோம காலர் போட்ட ஒருத்தி பெருமூச்சு விட்டாள். கோட்டு அம்மாள் மேசைக்கடியில் குனிந்து, நூல் கோத்த ஊசி ஒன்றையும் துண்டு நாடாவையும் எடுத்து நீட்டினாள். எனக்கு முன்னால் எத்தனையோ பேர் இப்படி வந்திருப்பார்கள் போல. கண்ணாடியும் பளிங்கும் மின்னுகிற அந்தக் கூடத்தில், தூண் ஓரமாக உட்கார்ந்து கிளாஃபிராவின் கோட்டுக்கு வளையம் தைத்தேன். முதல் மணி அடித்தது.

"கை வேகமா இருக்கே" என்றாள் அந்த அம்மாள், இப்போது கோபம் போய். "எந்த மாடி? மேல் மாடமா? அப்ப பைனாகுலர் வாடகைக்கு எடுத்துக்க. அங்கேர்ந்து பார்த்தா எறும்பு ஆடற மாதிரிதான் இருக்கும். பைனாகுலர் எடுத்தவங்களுக்குக் கிளம்பறப்பவும் வரிசை கிடையாது, கோட்ட முதல்ல தந்துடுவோம்."

எடுத்துக்கொண்டேன்.

மேல் மாடத்தில் என் பக்கத்தில் நோன்னா என்று ஒருத்தி, என் வயதுதான் இருக்கும். மருந்துக்கடையில் பொட்டலம் கட்டுகிற வேலையாம். ஞாயிறு தவறாமல் வருகிறாள். என் ஷூவையும் பைனாகுலரையும் பார்த்ததுமே முதல் தடவை என்று கண்டுகொண்டாள். விளக்கு அணைந்தது, திரை விலகியது. ஒரு பெண் ஓடிவந்து நின்றாள், ஒன்றும் செய்யவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இன்னும் ஒண்ணும் பண்ணலயே?" என்று கேட்டேன்.

"இனிமே பண்ணப்போறதுக்கு. நீங்களும் தட்டுங்க."

தட்டினேன். கதை ஒரு படகோட்டியைப் பற்றியது. அவன் காதலி ஆற்றில் மூழ்கிவிடுகிறாள். கிளாஃபிரா சொன்ன நாலும் வந்தன. நெஞ்சில் கை, இரண்டு விரல், தலைக்கு மேல் சுற்று, கடைசியில் குறுக்கே மணிக்கட்டு. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் நான் கதை பார்க்கவில்லை. ஊர்ப் பெண்களாக வந்தவர்களை ஒவ்வொருத்தியாகப் பைனாகுலரில் துழாவிக்கொண்டிருந்தேன்.

"யாரத் தேடுறீங்க?"

"என் பொண்ண. குழுவுல இருக்கா. ரிம்மா."

நோன்னா என் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "சொல்லவே இல்லையே! புதுசா வந்த பொண்ணுங்களா? அவங்க ரெண்டாம் பாகத்துல வருவாங்க. ஆத்துக்கு அடியில மூழ்கின பொண்ணுங்க எல்லாம் எழுந்து வருவாங்க பாருங்க, அதுல."

இடைவேளையில் எல்லோரும் பானம் விற்கும் கூடத்துக்குப் போனார்கள். நான் படிக்கட்டில் நின்று, கொண்டுவந்த முட்டைக்கோஸ் பன்னைத் தின்றபடி நிகழ்ச்சித் தாளை விரித்தேன். வரிக்குக் கீழே விரல் வைத்துத்தான் எனக்குப் படிக்க வரும். படகோட்டி யார், காதலி யார், அவள் தாயாக வருகிறவள் யார், எல்லாம் இருந்தது. அடியில் "மூழ்கிய பெண்கள்: நடனக் குழு" என்று ஒரே வரி. அதற்குப் பிறகு விரல் வைக்க எழுத்து இல்லை. மறுபக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

இரண்டாம் பாகத்தில் நீல இருட்டிலிருந்து ஒருத்தி வெள்ளையில் வந்தாள். அவள் பின்னால் அதே மாதிரி இன்னொருத்தி. அவள் பின்னால் இன்னொருத்தி. வந்துகொண்டே இருந்தார்கள். ஒரே உயரம், ஒரே கொண்டை, ஒரே பக்கம் சாய்ந்த தலை. மேடை நிறைந்து, வரிசை வரிசையாக நின்று, எல்லோரும் ஒன்றாகக் கையைத் தூக்கினார்கள். எங்கள் மாடத்தில் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். நான் பைனாகுலரைக் கண்ணில் அழுத்திக்கொண்டு புருவம் தேடினேன். எல்லாப் புருவமும் ஒரே மையால் வரைந்திருந்தது. தோள் தேடினேன். எல்லாத் தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன, நாங்கள் மட்டக்கோல் வைத்து அடிக்கிற தண்டவாளம் மாதிரி.

"எது அவ? நீங்கதான் வாரா வாரம் வர்றீங்களே."

"எனக்கும் தெரியாதும்மா" என்று நோன்னா என் காதில் சொன்னாள். "தெரியக் கூடாது. ஒருத்தி தனியாத் தெரிஞ்சா சொல்லிக்கொடுக்கிறவங்க அவ தோல உரிச்சுடுவாங்க. பைனாகுலர இறக்குங்க. மொத்தமாப் பாருங்க, அப்பத்தான் அழகு."

மொத்தமாகப் பார்க்க நான் வரவில்லை. மேல் ஏறியிருந்த அந்தத் தோளை இத்தனை வருடம் யார் யாரோ அழுத்தி அழுத்தி இறக்கியிருக்கிறார்கள். மோவாயை நிமிர்த்தியிருக்கிறார்கள், விரலைப் பிரித்துவைத்திருக்கிறார்கள். அதெல்லாம் நான் செய்திருக்க வேண்டியது. இவ்வளவு பேரும் வெள்ளையாக அசைகிறார்கள், இதில் ஒருத்தி என் வயிற்றில் கிடந்தவள், எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு தப்புச் செய்யடி என்று மனசுக்குள் கேட்டேன். ஒரு தடவை தடுக்கு. எனக்காக ஒரு தடவை திரும்பு.

மூன்றாம் வரிசையில் ஒரு கை தாமதமாக எழுந்தது. இமைக்கிற நேரம்தான்.

"ரிம்கா!"

நான் எழுந்து நின்றிருந்தேன். அந்தச் சத்தம் மேடை வரை போயிருக்கும். முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. நோன்னா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "அய்யோ, இங்க அப்படிக் கூப்பிடக் கூடாது!" மேடையில் ஒருத்திகூட அசையவில்லை. எனக்கு வெட்கமே வரவில்லை. கிடைத்துவிட்டாளே. அதன்பின் திரை மூடும்வரை அந்த ஒருத்தியை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. அவள் குனிந்தபோது குனிந்தேன், மண்டியிட்டபோது என் முழங்கால் வலித்தது. எவ்வளவு அழகாக வளர்ந்திருக்கிறாள் என்று பார்த்துப் பார்த்து அழுதேன்.

நோன்னாதான் ஆடுகிறவர்கள் வெளியே வரும் பின்வாசலுக்கு வழி சொன்னாள். அங்கே பனிக்குள் ரொம்ப நேரம் நின்றேன். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ரிம்மா ஓடிவந்தாள். கண்ணோரத்தில் மை இன்னும் போகவில்லை. மேடையில் பார்த்ததைவிடச் சின்னவளாக இருந்தாள். கட்டிக்கொண்டேன். எலும்பாக இருந்தாள்.

"சாப்பிடறியா நீ?"

"அதெல்லாம் சாப்பிடறேன். மேலேர்ந்து கத்தினது நீயாம்மா?"

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. கண்ணக்கூடச் சிமிட்டல நான்" என்றாள், அதில் ஒரு பெருமையோடு. "எல்லாரும் ரிம்காவோட அம்மாதான்னு ஓட்டறாங்க உள்ள."

"ஓட்டட்டும். நான் உன்னக் கண்டுபிடிச்சேன்ல! மூணாவது வரிசை. கை கொஞ்சம் லேட்டா வந்துச்சே, அப்பவே தெரிஞ்சுது, இது என் பொண்ணுன்னு. அப்புறம் கண்ண எடுக்கவே இல்ல."

ரிம்மாவின் முகம் மாறியது.

"அது லூஸ்யாம்மா. உள்ள அழுதுட்டு இருக்கா, இன்னும் திட்டு வாங்கிட்டு இருக்கா. நான் முதல் வரிசை, ஓரமா. நான் ஒண்ணுமே தப்புப் பண்ணல. இன்னைக்குத்தான் முதல் தடவ எனக்கு ஒரு திட்டும் விழல."

அவ்வளவு கண்ணீரும் கடிதங்களில் வருகிற அந்த லூஸ்யாவுக்கு. முதல் வரிசை ஓரத்தில் யாராவது இருந்தார்களா? இருந்திருப்பார்கள். வெள்ளையாக.

"அப்ப நான் உன்னப் பார்க்கவே இல்லடி."

"பார்த்தம்மா. எல்லாரையும் பார்த்தல்ல, அதுல நானும்தான்." என் கையைத் தன் சால்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். "நான் மட்டும் என்ன? லீவுக்கு ரயில்ல வர்றப்பல்லாம் நம்ம ஊருக்கு முன்னாடி உன் கேங் பாதையோரமா நிக்கும். ஜன்னல்ல நெத்திய ஒட்டிக்கிட்டுத் தேடுவேன். எல்லாருக்கும் ஒரே ஆரஞ்சுச் சட்டை, ஒரே முக்காடு, கையில மண்வெட்டி. எல்லாரும் தலையக் குனிஞ்சிட்டு நிப்பீங்க. நீ யாருன்னு ஒரு தடவ கூடத் தெரிஞ்சதில்ல. அதனால மொத்த வரிசைக்கும் கையாட்டுவேன்."

"ஏண்டி சொல்லல?"

"என்னன்னு சொல்ல? அம்மாவ அடையாளம் தெரியலன்னா?"

ரயில் போகும்போது நாங்கள் சக்கரத்தைத்தான் பார்க்க வேண்டும். அச்சு புகைகிறதா, ஏதாவது இழுபடுகிறதா என்று கடைசிப் பெட்டி தாண்டும்வரை பார்க்க வேண்டும், அது விதி. இத்தனை வருடத்தில் ஒரு ஜன்னலை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவளுக்குச் சாயங்காலமும் ஆட்டம் இருந்தது. எனக்கு ரயில். "அடுத்த தடவ முதல் வரிசை, இடது ஓரம்" என்று ஓடிக்கொண்டே சொன்னாள். பிறகு நின்று, "ஆனா மாத்தினாலும் மாத்திடுவாங்கம்மா" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

ரயிலில் ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. காமா ஆற்றுப் பாலம் தாண்டியதும் வண்டி மெதுவாகியது. பனி அள்ளுகிற கேங் ஒன்று பாதையை விட்டு ஒதுங்கி வரிசையாக நின்றது, எங்கள் கேங் இல்லை, வேறு யாரோ. ஆரஞ்சுச் சட்டை, முக்காடு, மண்வெட்டி. எல்லோரும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, கண்ணாடியில் கையை வைத்துத் துடைத்து, அந்த வரிசை கண்ணிலிருந்து மறையும்வரை கையை ஆட்டினேன்.

ஒருத்தியும் நிமிரவில்லை.