சாமிதுரையின் கல்லும் திருட்டுப் பிள்ளையாரும்

பெரம்பலூர் காலேஜிலிருந்து மேடம் வருகிறார் என்று சேதி வந்ததிலிருந்து பாக்யலட்சுமிக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு வருஷமாக வீட்டை அடைத்துக்கொண்டு கிடந்த சாக்கு மூட்டைகளுக்கு ஒரு வழி பிறந்துவிட்டது. மூட்டை நிறையக் கல்.

அவள் புருஷன் சாமிதுரை சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கத்தில் லோடு ஏறும் நேரத்தில் மற்ற டிரைவர்கள் டீ குடிக்கப் போவார்கள், இவர் கல் பொறுக்கப் போவார். சிப்பி மாதிரி, நத்தை மாதிரி, சிலது மிருகத்தின் பல் மாதிரிகூட இருக்கும். இந்தச் சீமை ஒரு காலத்தில் கடலாகக் கிடந்தது, அதில் வாழ்ந்ததுதான் இப்படிக் கல்லாகிவிட்டது என்று யாரோ ஒரு ஆபீசர் சொல்லக் கேட்டதிலிருந்து பிடித்த பித்து. கீழப்பழுவூரில் அவருக்குக் கல்லுக்கிறுக்கன் என்றே பேர். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த அன்று துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வழி சொன்னவன்கூட ‘கல்லுக்கிறுக்கன் வூடா?’ என்றுதான் கேட்டானாம். பாக்யலட்சுமிக்கு அது இன்னும் ஆறவில்லை.

இப்போது கொழுந்தன் அரியமுத்து அந்தப் பழைய வீட்டில் ஒரு பக்கத்தை இடித்துக் கட்டக் கடக்கால் தோண்டியிருக்கிறான். நல்லவன்தான். ஆனால் எதைப் பார்த்தாலும் அவனுக்குக் கட்டட வேலைதான் ஞாபகம் வரும்.

“காலேஜ்காரங்க எடுத்துக்கிட்டா சந்தோசம் அண்ணி. இல்லேன்னா நாளைக்குக் கடக்கால்ல கொட்டிருவோம். அண்ணன் சேத்த கல்லு மேல வூடு நிக்குதுன்னா அதுவும் பெருமைதானே?”

பெருமையாம். அஸ்திவாரத்துக்குள் போனதை எவன் குனிந்து பார்க்கப்போகிறான்? காலேஜிலோ புதிதாக ஒரு காட்சி அறை திறக்கிறார்கள். கல்லைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, சேர்த்தவர் பேரையும் எழுதி வைப்பார்களாம். கிறுக்கன் என்று இல்லை, கு. சாமிதுரை என்று. அதை நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது.

விருந்தாளி வருகிற வீட்டில் குத்துவிளக்கைக் களிம்போடு விட்டுவைக்கிற பழக்கம் பாக்யலட்சுமிக்குக் கிடையாது. கல்லை மட்டும் மண்ணும் அழுக்குமாக எப்படிக் காட்டுவது? முதல் நாளே அண்டாவில் புளியைக் கெட்டியாகக் கரைத்து, மூட்டைகளைக் கொட்டி ஊறப்போட்டாள். குமிழ் குமிழாக நுரை கிளம்பியது. பித்தளைக்குக்கூட இப்படி நுரைத்ததில்லை. எத்தனை வருஷத்து அழுக்கோ என்று பூரித்துப்போனாள். காலையில் தேங்காய் நாரை எடுத்து, தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி தேய்த்து முற்றத்தில் பரப்பினாள்.

பூஜை மாடத்துப் பிள்ளையாரை மட்டும் அவள் தொடவில்லை. அதுவும் சாமிதுரை கொண்டுவந்த கல்தான். தட்டு அகலத்தில், யானை தும்பிக்கையைச் சுருட்டி வைத்த மாதிரி இருக்கும். கல்யாணமான வருஷம் கொண்டுவந்து மாடத்தில் வைத்தார். “பிள்ளையாரைக் கேட்டு வாங்கக் கூடாது, திருடிட்டு வந்து வெச்சாத்தான் சக்தி. நம்ம ஏரிக்கரைப் பிள்ளையாரே பக்கத்து ஊர்லேர்ந்து ராவோட ராவா தூக்கிட்டு வந்ததுதான். இவரு சுரங்கத்துல திருடுனவரு” என்று சிரித்தார். அன்றிலிருந்து வெள்ளி தவறாமல் எண்ணெய்க்காப்பு, மஞ்சள், சந்தனம். அவள் கணக்கில் அது கல்லே இல்லை, சாமி.

ஜீப் வந்து நின்றதும் ஜெயசித்ரா மேடம் குதித்து இறங்கினார். சின்ன வயசு. மேடம் என்றால் ஒரு மிடுக்கு இருக்கும் என்று நினைத்திருந்தவளுக்கு, செருப்பை உதறிவிட்டுக் கல் பக்கம் ஓடிய அந்தப் பெண்ணைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. அவர் ஒரு கல்லை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். முகம் சுண்டிவிட்டது.

“அக்கா, இதை எதுல கழுவுனீங்க?”

“புளியிலதான் மேடம். பளிச்சுன்னு இருக்குல்ல?”

மேடம் கல்லைக் கீழே வைத்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “இது சுண்ணாம்புக்கல்லுக்கா. புளிப்பு பட்டா கரைஞ்சிரும். மேல இருந்த வரியெல்லாம் போயிடுச்சு. அதை வெச்சுத்தான் எந்த உயிருன்னு சொல்ல முடியும்.”

பாக்யலட்சுமி அண்டாவைப் பார்த்தாள். ஆயுசு பூராவும் அந்த மனுஷன் சேர்த்ததை ஒரே ராத்திரியில் புளியில் கரைத்து ஊற்றியிருக்கிறாள்.

“முழுசா ஒண்ணாவது இருந்தா சண்டை போட்டாவது ஒரு அலமாரி வாங்கிருவேன். அதோட இதையும் சேத்து வெக்கலாம். வெறும் தேஞ்ச கல்லுன்னா ஒத்துக்க மாட்டாங்கக்கா” என்றார் மேடம்.

“அப்ப கடக்காலுக்குத்தான்” என்றான் பக்கத்தில் நின்ற அரியமுத்து. கெட்ட எண்ணத்தில் இல்லை, அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். சொல்லிவிட்டுக் கொத்தனாரைப் பார்க்கக் கிளம்பினான்.

வெயிலில் வந்த பெண் வெறும் வாயோடு போகக் கூடாது என்று பாக்யலட்சுமி மோர் கொடுக்க உள்ளே கூப்பிட்டாள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன மேடம் அப்படியே நின்றுவிட்டார். பார்வை மாடத்தில் இருந்தது.

“தொடலாமாக்கா?”

விரலால் ஓரத்து மஞ்சளை லேசாக வழித்தார். வரி வரியாக, ஒன்றுகூடத் தேயாமல், முத்துப்போல ஒரு மினுமினுப்பு. மேடம் குனிந்து உற்றுப் பார்த்தார். “அக்கா, சாமியா இருந்ததாலதான் இது புளிக்குத் தப்பிச்சிருக்கு. இவ்வளவு முழுசா நான் பார்த்ததே இல்ல.” உடனே கையை இழுத்துக்கொண்டார். “ஆனா சாமியா கும்புடுறதை நான் எப்படிக்கா கேப்பேன்?”

பாக்யலட்சுமி பிள்ளையாரைப் பார்த்தாள். தன் கையால் வீட்டுச் சாமியை எடுத்துக் கொடுத்தால் குடும்பத்துக்கு ஆகுமா? கொடுக்காவிட்டால் விடிந்ததும் புருஷன் சேர்த்த கல் மேல் சிமெண்டு விழும், அவர் காலத்துக்கும் கிறுக்கன்தான். சட்டென்று சாமிதுரையின் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“கேக்காதீங்க மேடம். பிள்ளையாரைக் கேட்டு வாங்குனா சக்தி இல்ல. திருடிட்டுத்தான் போகணும். அதான் எங்க ஊரு வழக்கம்” என்றாள். “நான் கொல்லையில தண்ணி அடிக்கப் போறேன். ரெண்டு குடம் ரொம்புற வரைக்கும் திரும்பிப் பாக்க மாட்டேன். முத்தத்துல கெடக்கிற கல்லையும் சேத்துத் திருடிக்குங்க.”

பம்பு அடித்தாள். ஊரே கேட்கிற மாதிரி அடித்தாள். நடுவில் சாக்கு இழுபடும் சத்தம், ஜீப் கதவு, “போயிட்டு வரேன்கா” என்று திருடி விடைபெறுகிற குரல். எந்த ஊரில் நடக்கும் இந்தக் கூத்து? கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது, சிரிப்பும் நிற்கவில்லை.

சாயங்காலம் அரியமுத்து கொத்தனாரோடு வந்தான். முற்றம் காலி. மாடத்தில் வட்டமாக எண்ணெய்க் கறை மட்டும்.

“என்ன அண்ணி, புள்ளையாரைக் காணோம்?”

“திருடு போயிட்டாரு.”

“சாமிய விட்டுட்டு இப்படி நிதானமா நிக்கிறீங்களே?”

பாக்யலட்சுமி அந்தக் கறையின் நடுவில் விளக்கை ஏற்றி வைத்தாள்.

“சக்தியுள்ள சாமி தம்பி. போறப்ப உங்க அண்ணனையும் பேரோட கூட்டிக்கிட்டுப் போயிருக்கு.”