திறந்து கிடந்த மெயில்

ஷபானா கொச்சி சுள்ளிக்கல்லில் நடத்திய இன்டர்நெட் கடைக்கு முப்பிடாதி போகத் தொடங்கியது 2004-ஆம் வருஷத்து மழைக்காலத்தில். மட்டாஞ்சேரியில் தெரு கூட்டும் வேலை அவளுக்கு. பத்தொன்பது வருஷ சர்வீஸ். தம்பி ராமர் மஸ்கட்டில் கொத்தனார். "அக்கா, ஒரு மெயில் தொடங்கு, போட்டோ எல்லாம் அனுப்பறேன்" என்று அவன் போனில் சொன்ன அன்றே கிளம்பிவிட்டாள். மலையாளம் சரளமாக வாசிப்பாள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதற்காகக் கூச்சப்படுகிற ஆள் இல்லை.

வேலைக்கு ஆள் பிரித்துவிடும் சூப்பர்வைசர் ரமேஷ்பாபுவுக்கு விஷயம் தெரிந்தது. "இனி முப்பிடாதி ரோட்டையும் கம்ப்யூட்டர்லதான் கூட்டும்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். "கூட்ட முடிஞ்சா உங்களுக்கும் சொல்லித் தாறேன் சாரே" என்றாள் அவள்.

ஷபானா ராவுத்தர் வீட்டுப் பெண், தமிழ் பேசுவாள். முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "பாஸ்வேர்டு யாருட்டயும் சொல்லப்படாது சேச்சி, எனக்கும் வேண்டாம். எந்திரிச்சுப் போகும்போ சைன் அவுட் அமுக்கணும். சும்மா மூடிட்டுப் போனா, அடுத்து வந்து இருக்கவங்க முன்னால உங்க மெயில் அப்படியே நிக்கும். மனசிலாயிச்சா?"

நாலாம் நாள் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் காலியாக இருந்தது. முப்பிடாதி உட்கார்ந்து மெயில் பக்கத்தைத் திறந்தாள். அது பேர் கேட்கவில்லை, பாஸ்வேர்டும் கேட்கவில்லை. யாருக்கோ வந்த கடிதங்கள் வரிசையாக நின்றன. மேலே இருந்த பேரைக் கூட்டிப் படித்தாள்: ரமேஷ்பாபு. ஆபீஸ் கம்ப்யூட்டர் பழுது என்று அவர் வாராந்திர ரிப்போர்ட்டை இங்கே வந்துதான் அனுப்புவார்.

மூன்றாவது வரியில் அவள் பேர் இருந்தது. பக்கத்தில் இடக்கொச்சி என்றும் இருந்தது.

தன்னை அங்கே மாற்றப் பார்க்கிறார்கள் என்று ஊகித்தாள். விடியுமுன் அவள் வேலைக்கு நிற்க வேண்டிய நேரத்தில் இடக்கொச்சிக்கு பஸ்ஸே கிடையாது. ஷபானா பிரின்டரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தாள், யாரும் பார்க்கவில்லை. என்னைப் பற்றித்தானே எழுதியிருக்கிறது, ஒரு தடவை அமுக்கினால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. விரலைக்கூட வைத்துவிட்டாள். ராமர் தனக்கு எழுதுவதை இன்னொருத்தர் இப்படித் திறந்தால் விடுவேனா என்று அப்போதுதான் நினைத்தாள். அதோடு, திறந்தால் நாளைக்குப் பேச்செல்லாம் தான் திருட்டுத்தனமாகப் படித்ததைப் பற்றித்தான் இருக்கும், மாற்றல் விஷயம் அமுங்கிப்போகும். சைன் அவுட்டைத் தேடி அமுக்கினாள்.

மறுநாள் காலையில் மற்றவர்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும்வரை காத்திருந்தாள்.

"சாரே, ஷபானா கடையில உங்க மெயிலை மூடாமப் போயிட்டீங்க. நான்தான் மூடினேன்."

ரமேஷ்பாபுவின் முகம் வெளுத்தது. "நீ எல்லாம் வாசிச்சியா?"

"தொறக்கல. வெளிய என் பேரும் இடக்கொச்சியும் தெரிஞ்சது. என்ன காரியம்னு நீங்களே சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார். "உன் இடத்துக்கு வேறொரு ஆளு ரொம்ப நாளா கேக்குது. எழுதி அனுப்பியாச்சு முப்பிடாதி. இனி என் கையில இல்ல."

"அப்ப நானும் எழுதிக்கிடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

புகார் அனுப்ப வேண்டிய மெயில் விலாசம் ஆபீஸ் போர்டிலேயே எழுதியிருந்தது. அதைக் குறித்துக்கொண்டு போய், சாயங்காலம் தன் பேரில், தன் மெயிலிலிருந்து, மேலதிகாரிக்கு எழுதினாள். பத்தொன்பது வருஷ வேலை, ஒரு புகார்கூட இல்லாதது, விடியுமுன் பஸ் இல்லாதது. ஆறு வரிதான், ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ரமேஷ்பாபுவைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ஸ்பெல்லிங்கை மட்டும் ஷபானா பார்த்துக் கொடுத்தாள்.

பதினோராம் நாள் நேரில் வரச் சொல்லிப் பதில் வந்தது. சலவைச் சேலை கட்டிக்கொண்டு போனாள். அதிகாரி அவள் மெயிலைத் தாளில் அச்செடுத்து வைத்திருந்தார்.

"இது யாரு எழுதித் தந்தது?"

"நானே எழுதினது சாரே. சந்தேகம்னா இங்கயே இன்னொண்ணு எழுதிக் காட்டறேன்."

அவர் சிரித்துவிட்டார். மட்டாஞ்சேரிக்கு வர விருப்பப்பட்டவருக்கு, அங்கேயே தெரு கூட்டி ஓய்வுபெறப் போகும் காளி என்பவரின் இடம் கிடைத்தது. முப்பிடாதி இருந்த இடத்திலேயே இருந்தாள். ரமேஷ்பாபு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு காலையில், ஆள் பிரிக்கும்போது, அவள் பேரை முதலில் கூப்பிட்டார்.