ஆறு வோல்ட் கல்யாணம்

செபாஸ்டினின் மோட்டார் சைக்கிளில் ஒரு சாக்கெட் வைக்க மூன்று நாள் ஆயிற்று. ஒரு ஓட்டை, இரண்டு வயர், கட்டைவிரல் தண்டிக்கு ஒரு பித்தளைச் சாக்கெட். இவ்வளவுதான் வேலை. மூன்று நாளில் ஒரு தோணி கொழும்புக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

வண்டி, உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கென்று வந்த இங்கிலீஷ் வண்டி. ஆறு வோல்ட் பேட்டரி. ஹெட்லைட்டைப் போட்டால் முன்சக்கரம் தெரியும், அதற்கு மேல் கடவுள் விட்ட வழி. அதில் ஏறித்தான் செபாஸ்டின் வேம்பாரிலிருந்து பெரியதாழை வரைக்கும் கடற்கரை ஊர்களுக்குக் கல்யாணம், ஞானஸ்நானம், சாவு என்று போய்ப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். தூத்துக்குடியில் ஒரு சந்துக்குள் அவனுக்கு ஸ்டுடியோ இருந்தது. ஆனால் ஸ்டுடியோவைத் தேடி வருகிறவர்களைவிட, ‘நீ இங்கே வா’ என்று சொல்லி அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

அவனிடம் இருந்த பிளாஷ் ஒரு கப்பல்காரனிடம் வாங்கியது. அதற்கென்றே தோளில் தொங்கவிட ஆறு வோல்ட்டில் ஒரு பேட்டரியும் கூட வந்தது. போன மழைக்காலத்தோடு அது செத்துப்போயிற்று. மெட்ராஸில் கேட்டால் பம்பாயில் கேள் என்றார்கள். பம்பாய்க்கு எழுதினால் பதிலே இல்லை. சரி, எல்லாம் ஆறு வோல்ட்தானே என்று ஒருமுறை வண்டியின் பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். ஆசிட் ஒழுகி, பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைத் தோழனின் பட்டு வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அன்றைக்கு வந்த யோசனைதான் இந்தச் சாக்கெட். பேட்டரி வண்டியிலேயே இருக்கட்டும். இருபது கஜம் வயரை இழுத்துக்கொண்டு பிளாஷை மட்டும் கோயிலுக்குள் கொண்டுபோகலாம்.

யோசனை நல்லதுதான். ஆனால் நாள் இல்லை. வருகிற புதன்கிழமை பெரியதாழையில் அவனுடைய இளைய கொழுந்தியாள் மரியசெல்விக்குக் கல்யாணம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், எழுபதாம் வருஷம் பிறப்பதற்கு முன்பு, நடு கொழுந்தியாள் விக்டோரியாவின் கல்யாணத்தையும் அவன்தான் எடுத்தான். அப்போது பல்பு போடுகிற பழைய பிளாஷ். சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில் அது எரியவில்லை. உப்புக்காற்றில் களிம்பு ஏறியிருந்தது. அதோடு போயிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள். செபாஸ்டின் பதற்றத்தில் வாயைத் திறந்தான். கோயில் கொள்ளாத கூட்டத்துக்கு நடுவில் மாப்பிள்ளையைப் பார்த்து, “ஒருக்கா அவுத்துட்டுத் திரும்பக் கெட்டுங்க,” என்றான்.

கட்டின தாலியை அவிழ்க்கிறது எப்போது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மாமியார் ஞானசௌந்தரி மாரில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாமனார் பவுல் பர்னாந்து முப்பது வருஷம் தோணியை நடத்தும் தண்டலாக இருந்தவர், புயலில்கூடச் சத்தம் போடாதவர் என்று பெயர். அன்றைக்குப் போட்டார். விக்டோரியா இப்போது மூன்று பிள்ளைகளோடு குண்டுக்கல்லாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அவள் புருஷனுக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், பெரியதாழையில் செபாஸ்டினின் தலை உருளும்.

ஆகவே மரியசெல்விக்கு வேறு போட்டோக்காரர் என்று மாமனார் வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். செபாஸ்டினின் மனைவி ஆக்னஸ்தான் போய்ச் சண்டை போட்டாள். “எங்க வீட்டுக்காரவிய இருக்கும்போது வேத்து ஆளா? அவியதான் எடுப்பாவ. தாலி கெட்டுத படம் விழலைன்னா நான் இனிமே இந்த வாசல மிதிக்கல, பாத்துக்கோங்க!”

புருஷனுக்காக ஒருத்தி இப்படி நின்றாளே என்று சந்தோஷப்பட அவனால் முடியவில்லை. சபதம் போட்டது அவள், மாட்டிக்கொண்டது அவன். ஒரு படம் விழாவிட்டால் பெண்டாட்டிக்குத் தாய்வீடே இல்லை என்றால், எந்த மனுஷன்தான் நிம்மதியாகத் தூங்குவான்?

இந்த லட்சணத்தில் வயரிங் வேலைக்கு வந்து வாய்த்தவன் இசக்கியப்பன். மாப்பிள்ளையூரணிக்காரன். லாரி வயரிங்கில் கெட்டிக்காரன் என்று பெயர். முதல் நாள் ஓட்டையைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனவன் வரவே இல்லை. இரண்டாம் நாள் வயரை மாட்டி, ஒரு பல்பை வைத்து எரியவிட்டுக் காட்டினான். பிளாஷை மாட்டினால் அது மூச்சுக் காட்டவில்லை.

“பல்பு எரியுதுல்லா அண்ணாச்சி. கரண்டு வருது. ஒங்க பிளாஷுதான் போச்சு.”

செபாஸ்டின் பிளாஷைக் காதில் வைத்து ஆட்டினான். பிறகுதான் குனிந்து வயரைப் பார்த்தான். “ஏலே, பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் கொடுத்திருக்கியடா! இந்த வண்டியில பாடிதான் பிளஸ்ஸு. பல்புக்கு எப்படிக் கொடுத்தாலும் எரியும். பிளாஷு அப்படியா?”

“பாடி எப்பவும் மைனஸ்தான் அண்ணாச்சி. நான் பாக்காத லாரியா?”

“இது லாரியாலே?”

இசக்கியப்பன் வண்டியைச் சுற்றி வந்தான். “இங்கிலீஷ்காரன் எல்லாத்தையும் தலகீழா செஞ்சு வச்சிட்டுப் போயிருக்கான்,” என்று வண்டியின் மேலேயே பழியைப் போட்டுவிட்டு, மாற்றித் தர மறுநாள் வருவதாகச் சொன்னான்.

மூன்றாம் நாள் மாற்றினான். பியூஸ் எங்கே என்று கேட்டதற்கு, “அது எதுக்கு அண்ணாச்சி, சும்மா சும்மா போயிரும். நல்ல தண்டிச் செம்புக்கம்பியா போட்டிருக்கேன், ஆயுசுக்கும் போவாது,” என்றான்.

“பியூஸு போறதுக்குத்தாம்லே இருக்கு!” என்று கத்தின செபாஸ்டினின் தொண்டைதான் கட்டிக்கொண்டது. கம்பி அப்படியே இருந்தது. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். சாக்கெட் நல்ல சாக்கெட். கப்பல் உடைசலில் எடுத்தது. அதன் பித்தளை மூடியைத் திருகிவிட்டால் சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிளாஷை மாட்டி, சுவரைப் பார்த்து மூன்று தரம் அடித்தான். மூன்று தரமும் மின்னல் மாதிரி வெட்டியது. குசினி வாசலில் நின்று பார்த்த ஆக்னஸ் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“நாளைக்கும் எரியுமா?”

“எரியும்.”

“நிச்சயமா எரியுமா?”

“ஏளா, மூணு தரம் பாத்தியே! எழுதிக் கையெழுத்தா போட்டுத் தரணும்?” என்று எரிந்து விழுந்துவிட்டு, பிலிம் போட உள்ளே போய்விட்டான்.

மறுநாள் காலையில் இன்னொரு தரம் அடித்துப் பார்க்கத்தான் நினைத்தான். பிள்ளைகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போவதற்கென்றே பின்தங்கியிருந்த ஆக்னஸ் விடவில்லை. “நேத்துப் பாத்தாச்சுல்லா, கிளம்புங்க. கட்டுன பெறவா போய் நிக்கணும்?” வண்டியும் ஒரே உதையில் கிளம்பிற்று. கிளம்பத்தான் செய்யும். அந்தக் காலத்து வண்டி ஓடுவதற்குப் பேட்டரி வேண்டியதில்லை. பேட்டரி செத்துக் கிடந்தாலும் அது பாட்டுக்கு ஓடும்.

பெரியதாழையில் பூசை தொடங்க மணி அடித்துவிட்டது. வண்டியைக் கோயிலின் பக்க வாசலில் நிறுத்திவிட்டு, செபாஸ்டின் வயரின் ஒரு நுனியை ஆக்னஸின் கையில் கொடுத்தான். “நான் கையக் காட்டுனதும் மூடியத் திருகித் திறந்துட்டு மாட்டு. வண்டிகிட்ட ஒரு பயல விடாத.” அவள் துப்பாக்கி பிடித்த காவல்காரன் மாதிரி வண்டியருகே நின்றாள். அவன் வயரை இழுத்துக்கொண்டு பீடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

கோயில் பழைய கோயில். சன்னலெல்லாம் உயரத்தில். வெளியே மூட்டம் வேறு. பிளாஷ் இல்லாமல் எடுத்தால் கரிதான் விழும். சாமியார் தாலியை மந்திரித்து மாப்பிள்ளை வளனின் கையில் கொடுத்தார். செபாஸ்டின் கையைக் காட்டினான். பிளாஷின் முதுகில், தயார் என்று காட்ட எரியவேண்டிய சிவப்புப் பொட்டு எரியவில்லை. மாட்டினாயா என்று ஜாடை கேட்டான். மாட்டிவிட்டேன் என்று வாசலிலிருந்து தலையை ஆட்டினாள். கழற்றி மாட்டு என்றான். கழற்றி மாட்டினாள். பொட்டு எரியவில்லை.

வளன் குனிந்தான். முதல் முடிச்சு. செபாஸ்டின் லென்ஸை முழுக்கத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினான். அமுக்கும்போதே தெரிந்துவிட்டது, ஒன்றும் விழாது என்று. முடிச்சுகள் விழுந்து முடிந்தன. முன்வரிசையிலிருந்து மாமியாரின் பெருமூச்சு பீடம் வரைக்கும் கேட்டது. இந்த முறை அவன் வாயைத் திறக்கவில்லை.

பூசை முடிந்ததும் முதல் ஆளாக வண்டிக்கு ஓடினான். இசக்கியப்பனின் ஏழு தலைமுறையையும் மனசுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினான். சாக்கெட்டிலிருந்து தண்ணீர் வழிந்து கையில் ஓடியது. உள்ளே பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு அப்பியிருந்தது. மழை இல்லை. சொட்டுத் தண்ணீர் போகாத மூடி. ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தான். ஒரே உப்பு.

ராத்திரி முழுக்க அந்த உப்புத்தண்ணீர் வழியாகப் பேட்டரி ஓடி ஓடிச் செத்திருக்கிறது. தண்டிக் கம்பியும் போகாமல் வேடிக்கை பார்த்திருக்கிறது. எல்லாம் சரி, சாக்கெட்டுக்குள் யார் உப்புத்தண்ணீர் ஊற்றினார்கள்?

அதற்குள் மாமனார் வந்துவிட்டார், பின்னால் பாதி ஊர். “என்ன மாப்ளே, இந்தத் தடவயும் போச்சா?” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆக்னஸ் முன்னால் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “நான் என்னதான் செய்ய? நேத்துச் சாயங்காலம் அந்த ஓட்டை நிறைய மாதா தீர்த்தம் ஊத்தினேன். ஒரு சிட்டிகை மந்திரிச்ச உப்பும் போட்டு மூடி வச்சேன். அப்பவும் எரியலன்னா நான் என்ன செய்ய?”

கூட்டத்தில் நாலைந்து கிழவிகள் ‘உச்சு’ கொட்டினார்கள். அவளைக் குற்றம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. புது வள்ளமோ புது வலையோ, தீர்த்தம் தெளித்து உப்புப் போடாமல் அந்தக் கரையில் யார் தண்ணீரில் இறக்குகிறார்கள்? செய்யவேண்டியதை அவள் செய்திருக்கிறாள். தீர்த்தத்துக்கும் அடங்காத துப்புக்கெட்டவன் இவன்தான்.

செபாஸ்டினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். கையில் இன்னும் அந்தக் களிம்பு இருக்கிறது, எல்லோர் மூக்குக்கும் நேரே நீட்டலாம். ஆறு வருஷத்து அவமானத்தையும் சேர்த்துக் கழுவிவிடலாம். வாயைத் திறந்துவிட்டான். எதிரே ஆக்னஸ் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். தங்கச்சி படத்தைக் கெடுத்தது நீதான் என்று இத்தனை பேர் நடுவில் சொன்னால், இந்த ஊர் அவளை விடுமா? அவன் தலை உருண்டு பழகியது. அவள் தலை உருண்டால் தாங்கமாட்டாள்.

“பேட்டரி பழசு மாமா,” என்றான். “நான் பாத்திருக்கணும்.” கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

ஆக்னஸ் சொன்ன சொல் தவறவில்லை. பந்தலில் நின்று தங்கச்சிக்கு முத்தம் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை விக்டோரியாவிடம் விட்டுவிட்டு, வீட்டு வாசலை மிதிக்காமல், ஒரு வாய் சாப்பிடாமல் வண்டியில் வந்து ஏறிக்கொண்டாள். ஞானசௌந்தரி பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவள் இறங்கவில்லை.

திருச்செந்தூர் தாண்டி, சாகுபுரத்துப் புகைபோக்கி தெரிந்தபோது அவள், “வார மாசம் சித்தி மவளுக்குக் கல்யாணம். அதையும் நீங்கதான் எடுக்கணும். இந்தத் தடவ ரெண்டு குப்பி ஊத்துதேன்,” என்றாள்.

செபாஸ்டின் வண்டியை ஓரமாக நிறுத்தினான். ஊர் ஏச்சைத் தாங்கலாம். இரண்டு குப்பியைத் தாங்க முடியாது. இறங்கச் சொல்லி, சாக்கெட்டைத் திறந்து காட்டி, உப்புத்தண்ணீர் என்ன செய்யும், பேட்டரி எப்படிச் சாகும் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லச் சொல்லக் கோபம் ஏறி, கடைசியில் கத்தியே விட்டான்.

அவள் சாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அப்ப நான்தானா?” என்றாள். பித்தளை மூடியைத் திருகி மூடிவிட்டு, “அங்கனயே சொன்னா என்ன?” என்று கேட்டாள்.

“சொன்னா ஒன்னயல்லா ஏசுவாவ.”

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தான். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். “வண்டியத் திருப்புங்க.”

“எங்க?”

“பெரியதாழைக்குத்தான். எங்க அப்பா கிட்டச் சொல்லணும். அவ்வளவு பேரும் ஒங்களத்தான துப்புக்கெட்டவன்னு நினைச்சிட்டு நிக்காவ?”

“ஏளா, இருபது மைலுக்கு மேல இருக்கும். பெட்ரோலும் இல்ல, நேரமும் இல்ல. வாசல மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்தவ இப்ப எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போவ?”

“மிதிக்கல,” என்றாள் ஆக்னஸ். “வெளியில நின்னே சொல்லுதேன். திருப்புங்க.”